புலி போட்ட ரூபா

வாங்க தம்பி, குனிஞ்சு வாங்க, நெலை தலையில இடிக்கும். போன மாசம் வந்தவரு இடிச்சுக்கிட்டாரு. அவரும் சுதந்திர வெள்ளி விழாக் கமிட்டிதான். பேரு, ஊரு, ஜெயிலுக்குப் போன தேதி எல்லாம் கேட்டு எழுதிக்கிட்டுப் போனாரு. நீங்க மலரு போடுறவுகளா. மலருன்னா புத்தகம்தான? சரி, அந்தப் பாயில உக்காருங்க. நான் ராட்டை சுத்திக்கிட்டே பேசுறேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள நூலு சுத்திக் குடுக்கணும். கை சும்மா இருந்தா எனக்குப் பேச்சும் வராது.

எங்க வீட்டுக்காரரு பேரு ஒங்க காகிதத்துலயே இருக்கும், பாருங்க. நான் சொல்லுறதில்ல. ஊருலயும் அந்தப் பேரச் சொல்லி யாரும் கூப்புட்டதில்ல. காசு தொடாதவருன்னுதான் சொல்லுவாக. அருப்புக்கோட்டையில பஸ் ஏறி, காசு தொடாதவரு வீடுன்னு சொன்னா கண்டக்டரே எறக்கி விடுவாரு. அவுக போயி இருவத்திரெண்டு வருசமாச்சு, இன்னும் அந்தப் பேருதான் நிக்குது. என்னயக் காசு தொடாதவரு பொஞ்சாதின்னு சொல்லுவாக. எம்பேரு சீனியம்மா. அதையும் எழுதிக்கோங்க, எங்கயாச்சும் ஒரு ஓரத்துல.

நெத்திக்காசப் பத்திக் கேக்கத்தான வந்திருக்கீக. தெரியும். எல்லாரும் அதத்தான் கேக்குறாக. செத்தவுக நெத்தியில சந்தனத்தப் பூசி ஒரு காச ஒட்டி வைக்கிற வழக்கம் ஒங்க பக்கமும் உண்டுல்ல? அதான். சுதந்திரக் காசு வர்ற வரைக்கும் காசே தொடாம இருந்த மனுசன், கடேசியில சிங்கம் போட்ட காச நெத்தியில வாங்கிக்கிட்டுப் போனாருன்னு ஒங்களுக்கும் சொல்லியிருப்பாக. எங்க தறி முதலாளி வீட்டுல சொன்னாகளா, காங்கிரஸ் ஆபீஸ்லயா? ரெண்டு எடத்துலயும் சொன்னாகளா. சரி, சரி. சொல்லுறேன். மொதல்லருந்து சொன்னாத்தான் எனக்குச் சொல்ல வரும்.

எனக்குக் கலியாணமாயி ஒரு வருசம். உப்புக்காச்சப் போறோம்னு சனம் கெளம்புச்சே, அந்த வருசம். நம்ம ஊரு தேரடியில ஒரு கூட்டம். சீமைத்துணியெல்லாம் கொண்டாந்து குமிச்சுத் தீ வச்சாக. ஆளாளுக்கு எந்திரிச்சு நான் இத விட்டுருறேன், அத விட்டுருறேன்னு சத்தியம் பண்ணுறாக. ஒருத்தரு கள்ள விட்டாரு. ஒருத்தரு காப்பிய விட்டாரு, அவரு ஒரு மாசம்தான் இருந்தாரு, அது வேற கதை. எங்க வீட்டுக்காரருக்கு விட ஒன்னுமில்ல. தறிக்காரரு, தான் நெய்ததத்தான் கட்டுவாக. கள்ளு கெடையாது, பொடி கெடையாது, வெத்தலை கெடையாது. எல்லாரும் விடுறாகளே, நம்ம எத விடுறதுன்னு அவுகளுக்கு ஒரு தவிப்பு வந்துருச்சுன்னு நான் நெனைக்கிறேன். மடியில கால் ரூபா இருந்துச்சு. அத எடுத்து ஒசத்திப் பிடிச்சு, இந்த ராசா தலை காசுலருந்து போற வரைக்கும் இதக் கையால தொட மாட்டேன்னு சொல்லித் தீயில போட்டுட்டாக. சனம் கைதட்டுச்சு. மாலை போட்டாக. மாலையோட வீட்டுக்கு வந்தாக.

அந்தக் கால் ரூபா அரிசிக்கு வச்சிருந்தது தம்பி. விடிஞ்சதும் நான் தேரடிக்குப் போயி, கரியக் கெளறி எடுத்தாந்தேன். கறுத்துப்போயிக் கெடந்துச்சு. புளியப் போட்டுத் தேச்சேன், ராசா மூஞ்சி நல்லாத் தெளிஞ்சு வந்துருச்சு. கடைக்காரரு வாங்கிக்கிட்டாரு. அன்னைக்குத் தொட ஆரமிச்சது நானு.

ஒங்களுக்கு இது புரியணும். ஒரு மனுசன் காசு தொடமாட்டேன்னா, அந்த வீட்டுல காசு இல்லன்னு அர்த்தமில்ல. இன்னொருத்தரு தொடணும்னு அர்த்தம். சனிக்கெழமை சனிக்கெழமை பெத்தபெருமாள் முதலாளிகிட்ட போயித் துணிய ஒப்படைச்சுக் கூலி வாங்கணும். அவருதான் எங்களுக்கு நூலு குடுத்து நெய்யச் சொல்லுறவரு. கூலி வாங்குற எடத்துல அம்புட்டுப் பேரும் ஆம்பளைக. நான் ஒருத்திதான் பொம்பள, பத்தொம்பது வயசு. முதலாளி என்னயக் கடேசியாத்தான் கூப்புடுவாரு. காசக் கையில குடுக்க மாட்டாரு. பலகையில ஒன்னொன்னா வீசுவாரு. உருண்டு கீழ விழும். நான் குனிஞ்சு பொறக்கணும். ஒம் புருசன் பெரிய மகாத்மா, நீ எதுக்கும்மா இதப்போயித் தொடுறன்னு கேப்பாரு. எல்லாரும் சிரிப்பாக. தப்பாச் சொல்லல, அவரு கெட்டவருன்னு சொல்ல மாட்டேன். ஒரு சனிக்கெழமைகூட கூலிய நிப்பாட்டுனதில்ல. இப்ப அவரு மகன்தான ஒங்க மலருக்குப் பணம் குடுக்குறாரு? அதான். நல்லா இருக்கட்டும்.

கூலி வாங்கியாந்துட்டு நேரா அடுப்படிக்குப் போகக் கூடாது. கை கழுவணும். காசு தொட்ட கையோட சோறு போடாதன்னு சொல்லிட்டாக. கோவமாச் சொல்ல மாட்டாக. அவுகளுக்குக் கோவமே வராது, அத எழுதிக்கோங்க. மெதுவா, கை கழுவிட்டியான்னு கேப்பாக. கழுவிட்டேம்பேன். உப்பு வாங்கப் போனா ஒருக்க கழுவணும். எண்ணெய் வாங்கப் போனா ஒருக்க. வண்ணாத்திக்குக் காசு குடுத்தா ஒருக்க. சித்திரையில கெணத்துல தண்ணி எறங்கிரும், அப்பவும் கழுவணும். இருவது வருசம். நான் எண்ணிப் பாத்ததில்ல. எனக்கு இப்பவும் பழக்கம் விடல. பாருங்க, காலையில பால்காரனுக்குக் காசு குடுத்துட்டுக் கழுவுனேன். யாரும் கேக்கல, நானாக் கழுவுறேன்.

யுத்தத்தப்ப ஓட்டைக் காசு வந்துச்சே, நடுவுல தொளை போட்டது. அதுல ராசா தலையே இருக்காது. தொளை போட எடம் வேணும்னு தலைய எடுத்துட்டாகளோ என்னமோ. நான் ஆசையாக் கொண்டாந்து காட்டுனேன். இதுல தலை இல்லைங்க, இதயாச்சும் தொடுங்க, ரெண்டு காசுக்குக் கருவேப்பிலை வாங்கியாந்து குடுங்கன்னேன். குனிஞ்சு பாத்தாக. தலை இல்ல சீனி, கிரீடம் இருக்கேன்னாக. ஆமா, கிரீடம் இருந்துச்சு. நான்தான் பாக்கல. அவுக எல்லாத்தையும் பாப்பாக.

ஜெயிலா? நாப்பத்திரெண்டுல ஆறு மாசம். அங்க அவுகளுக்கு ஒரு செரமமும் இல்ல. ஜெயிலுக்குள்ள காசே கெடையாதுல்ல. நல்லா சதை வச்சு வந்தாக.

அவுக கெட்டவுகன்னு நான் சொல்ல வரல, தப்பா எழுதிராதீக. ஒருநாளு என்னயக் கை ஓங்குனதில்ல. ஊருல ஒவ்வொருத்தரு பொஞ்சாதிய அடிக்கிற அடி எனக்குத் தெரியும். பொங்கலுக்குப் பொங்கல் எனக்குன்னு ஒரு சேலை நெய்வாக, கரையில சின்னதா ருத்ராட்சம் போட்டு. என்னய எல்லாரும் குடுத்து வச்சவன்னுதான் சொல்லுவாக. நானும் அப்படித்தான் சொல்லிக்கிருவேன்.

காப்பி ஆறுது, குடிங்க.

பவளம்னு ஒரு புள்ள இருந்துச்சு. போன மாசம் வந்தவரு வாரிசு உண்டான்னு கேட்டாரு, இல்லன்னு எழுதிக்கிட்டாரு. இருந்துச்சு. முப்பத்தெட்டுல ஆறு வயசு. நான் சாத்தூருல தங்கச்சி பேறுகாலத்துக்குப் போயிருந்தேன், ஒரு வாரத்துக்கு. போகும்போது அவுக பாக்கவே அஞ்சறைப்பெட்டியில ஒரு துணியில பன்னெண்டணா முடிஞ்சு வச்சுட்டு, பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொல்லிட்டுப் போனேன். எதுனாச்சும் வேணும்னா நீ எடுத்து வாங்கிக் குடுத்துரு அக்கா, அவுக தொடமாட்டாகன்னு. அந்த அக்கா, சரி, நான் பாத்துக்கிறேன், நீ போன்னா.

நாலாம் நாளு பங்குனிப் பொங்கல். தெருவே வண்டி கட்டி விருதுநகருக்குப் போயிருச்சு. அந்த அக்காவும் போயிட்டா. போகாதன்னு சொல்ல முடியுமா, வருசத்துக்கு ஒருக்க வர்றது. இவுகளும் புள்ளயும் மட்டும் வீட்டுல. புள்ளைக்கு முந்தின நாளே காச்சலு. காலையில ஜன்னி கண்டுருச்சு. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஏழு மைலு. வெளிய வந்து நின்னா பஸ்ஸு. ரெண்டணா டிக்கெட்டு.

அவுக புள்ளயத் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு நடந்தாக.

ரெண்டு பஸ்ஸு தாண்டிப் போச்சாம். அவுகதான் சொன்னாக, நான் வந்தப்பறம். மறைக்கல, எதயும் மறைக்கிற ஆளில்ல. மொத பஸ்ஸு கம்மாக்கரையில தாண்டுச்சு, ரெண்டாவது கல்பாலத்துக்கிட்ட தாண்டுச்சுன்னு சொன்னாக. கை காட்டலியான்னு கேட்டேன். காட்டி என்ன செய்ய, மடியில காசு இல்லியேன்னாக. நல்ல வெயிலு. ஆஸ்பத்திரி வாசல்ல போயி எறக்கும்போது புள்ள இல்ல. எங்க வச்சுப் போச்சுன்னு அவுகளுக்கே தெரியல. தோள்ல கெடந்ததால தெரியலன்னாக. திரும்பியும் ஏழு மைலு தூக்கிக்கிட்டு வந்தாக.

எனக்கு ஆளு வந்து சொல்லி நான் வந்து சேர்றதுக்குள்ள எடுத்துட்டாக. நான் மூஞ்சியப் பாக்கல. வீட்டுக்குள்ள வந்து, என்னமோ, அஞ்சறைப்பெட்டியத் தெறந்து பாத்தேன். துணிமுடிச்சு வச்ச எடத்துலயே இருந்துச்சு, கடுகுக்கும் வெந்தயத்துக்கும் நடுவுல. ஒரு காரியம் தம்பி. அத முடிச்சோட எடுத்துருக்கலாம். கை காசுல படாது, துணியிலதான படும். கண்டக்டருகிட்ட நீட்டி, அவுத்து எடுத்துக்கப்பான்னா எடுத்துக்கிடுவான். விரதமும் கெடாது. எனக்கு அது பாத்த ஒடனே தோணுச்சு. பதினஞ்சு நாளு கழிச்சு அவுகளுக்குச் சோறு போடும்போது கேட்டேன். துணியோட எடுத்துருக்கலாமே?

சோத்துல கைய வச்சுக்கிட்டே, தோணல சீனின்னாக.

அம்புட்டுத்தான். சாப்புட்டு எந்திரிச்சுத் தறிக்குப் போயிட்டாக.

அழுதேனான்னு கேக்குறீகளா. அழுதிருப்பேன். அழாம இருப்பாகளா. எனக்கு அந்த வருசம் சரியா ஞாபகம் இல்ல. பாவு ஓட்டுனோம், நூலு சுத்துனோம், சனிக்கெழமைக்குப் போயிக் கூலி வாங்குனேன். முதலாளிகூட அந்த மொத வாரம் காச வீசல, பலகையில அடுக்கி வச்சாரு. அடுத்த வாரம் வீசுனாரு.

அதே வருசம் ஒரு கூட்டம் போட்டாக. காங்கிரஸ் ஆபீஸ் திருவேங்கடம்னு ஒருத்தரு, நல்லாப் பேசுவாரு, இப்ப படுத்த படுக்கையா இருக்காராமே? அவரு மேடையில சொன்னாரு. பெத்த புள்ள உசிருக்குப் போராடும்போதும் அன்னியன் காசத் தொடாத உத்தமரு நம்ம ஊருல இருக்காருன்னு. சனமெல்லாம் எந்திரிச்சு நின்னு கைதட்டுச்சு. அவுக மேடையில தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தாக. பொம்பளைக பக்கத்துல நான் உக்காந்திருந்தேன். என்னச் சுத்தி எல்லாரும் தட்டுறாக. நானும் தட்டுனேன்னு நெனைக்கிறேன்.

எழுதுங்க, எழுதுங்க. ஏன் நிறுத்திட்டீக?

நாப்பத்தேழு ஆகஸ்டு. கொடி ஏத்துனாக, முட்டாயி குடுத்தாக. தேரடியில அவுகளத்தான் கயிற இழுக்கச் சொன்னாக. நான் காலையிலயே ஒரு முடிவு பண்ணியிருந்தேன். மத்தியானம் சோறு தின்னு முடிச்சதும் அவுக முன்னாடி ஒரு ரூபாய வச்சேன். வர்ற சனிக்கெழமை நீங்க போயிக் கூலி வாங்குங்க, நான் வீட்டுல இருக்கேன்னேன். வேற ஒன்னும் கேக்கல. அவுக தொடாம, குனிஞ்சு பாத்தாக. அது புதுசா வந்த ரூபா தம்பி, வெள்ளி இல்ல, நிக்கலு. ஒரு பக்கம் புலி நடந்து போற மாதிரி இருக்கும். புலிப்பக்கம்தான் மேல இருந்துச்சு, நான் அப்படித்தான் வச்சேன். திருப்புன்னாக. திருப்புனேன். தலை அங்கனயே இருக்கேன்னாக.

திருவேங்கடமே வந்து சொன்னாரு. அண்ணாச்சி, ராசா போயாச்சு, புதுக்காசு அடிக்க நாளாகும், அதுவரைக்கும் இதான் நம்ம காசு, தொடுங்கன்னாரு. ராசா போற வரைக்கும்னு நான் சொல்லல திருவேங்கடம், ராசா தலை போற வரைக்கும்னுதான் சொன்னேன்னாக. அவரு எந்திரிச்சுப் போயிட்டாரு. எம்புட்டுப் பேசுறவரு. அப்பறம் ஒத்தை ரூபா நோட்டுல தூணுச் சிங்கம் வந்துருச்சுன்னு சொன்னாக. அதுக்கும் அவுக, நான் காசத்தான சொன்னேன், காகிதத்தச் சொல்லலியேன்னுட்டாக. நாடு பூராவும் விடுதலை. நான் சனிக்கெழமை சனிக்கெழமை போயிக் குனிஞ்சு பொறக்குனேன்.

கேட்டா ஒங்களுக்குச் சிரிப்பு வருது. சிரிக்கலாம், நானே சிரிச்சிருக்கேன்.

அம்பதுல ஆகஸ்டு மாசம் புதுக்காசு போட்டுட்டாகன்னு பேப்பர்ல வந்துச்சு. ராசா தலை இல்ல, அசோகச் சிங்கமாம். எட்டணாவா, ஒரு ரூபாயா, எது நம்ம ஊருக்கு மொதல்ல வரும்னு ஆம்பளைக டீக்கடையில பேசிக்கிட்டாக. அவுக தெனமும் கேப்பாக. தறியில இருந்துக்கிட்டே கேப்பாக. சீனி, புதுக்காசு கையில வந்துச்சா? வரலைங்க. புரட்டாசியும் போயி ஐப்பசியும் போச்சு. அவுகளுக்கு நெஞ்சுவலி அப்பவே இருந்துச்சு, சொல்ல மாட்டாக. ஒருநாளு சொன்னாக. மொதக் காசு வரட்டும் சீனி, கையில வாங்கி நேரா அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸுல போயிட்டு வர்றேன்னாக. எதுக்குங்கன்னேன். சும்மா, போயிட்டு வர்றேன்னாக. பஸ்ஸுல போகணுமாம். அவுகளுக்கு அந்த ஒரு ஆசைதான் இருந்துச்சு.

கார்த்திகை மொத சனிக்கெழமை. முதலாளி அன்னைக்கு என்னய மொதல்லயே கூப்புட்டாரு. எல்லாரையும் விலக்கி விட்டுட்டு, கையில குடுத்தாரு, வீசல. இந்தாம்மா, ஒம் புருசன் கேட்ட காசு, மதுரையிலருந்து ஒனக்குன்னே வாங்கியாந்தேன், இருவது வருசமா நிக்கவச்சு வேடிக்கை பாத்தவன் நானு, நீயே கொண்டுபோயிக் குடு, அடுத்த வாரம் அவரையே வரச்சொல்லுன்னாரு. பளபளன்னு இருந்துச்சு. ஒரு பக்கம் மூனு சிங்கம், மறுபக்கம் ரெண்டு கதிரு. நான் அதச் சேலைத் தலப்புல தனியா முடிஞ்சேன். மிச்சக் கூலியயெல்லாம் இன்னொரு முடிச்சா முடிஞ்சேன். அதுல ஒரு புலி ரூபாயும் இருந்துச்சு.

வீட்டுக்கு வந்தேன். தறியில இருந்தாக. கை கழுவுனியான்னு கேட்டாக. கழுவிட்டேன்னேன். புதுக்காசு வந்துச்சான்னு கேட்டாக.

இல்லைங்கன்னேன்.

ஏன்னு கேட்டா, அவுக தறியில இருந்தாக, வேலைநேரம், அப்பறம் காட்டலாம்னு இருந்திருப்பேன். ஞாயித்துக்கெழமையும் கேட்டாக. அன்னைக்குப் பாவு ஓட்டுறோம், நிக்க நேரமில்ல. திங்கக்கெழமையும் கேட்டாக. திங்கக்கெழமை என்ன வேலைன்னு ஞாபகம் இல்ல. முடிச்சு என் இடுப்புலயேதான் இருந்துச்சு. நடக்கும்போது இடிக்கும். சோறு போடும்போது, அவுக முன்னாடி குனியுறேன், முடிச்சு தொங்குது. அவுக எல்லாத்தையும் பாக்குறவுக, அதப் பாக்கல.

புதங்கெழமை பொழுது விடிஞ்சு தறியில உக்காந்தவுக அப்படியே சாஞ்சுட்டாக. நாடா ஓடுற சத்தம் நின்னுச்சேன்னு நான் எட்டிப் பாத்தேன். முடிஞ்சுருச்சு.

ஊரே வந்துருச்சு தம்பி. அருப்புக்கோட்டையிலருந்து, விருதுநகருலருந்தெல்லாம் காரு போட்டு வந்தாக. குளிப்பாட்டி, கதர் வேட்டி உடுத்தி, உக்காரவச்சு, நாவிதரு, வேம்புன்னு பேரு, அவுக நெத்தியில சந்தனத்தக் கொழச்சுப் பூசிட்டு, நெத்திக்காசு குடுங்கன்னாரு. எல்லாரும் என்னயத் திரும்பிப் பாத்தாக. அந்த வீட்டுல காசுன்னா எங்கிட்டதான கேப்பாக. இருவது வருசமா எங்கிட்டதான கேக்குறாக.

நான் தலப்ப எடுத்து ஒரு முடிச்ச அவுத்தேன். எந்த முடிச்சுன்னு பாக்கல. கண்ணுல தண்ணி, கூட்டம், எல்லாரும் பேசுறாக, எதன்னு பாக்குறது. கைக்கு வந்த ரூபாய எடுத்தேன். வேம்பு கைய நீட்டுனாரு. நானே வைக்கிறேன்னு சொன்னேன். பொம்பளைக வைக்கிறது வழக்கமில்ல, ஆனா வேம்பு விலகிக்கிட்டாரு. அவுக நெத்தியில அழுத்தி வச்சேன், ராசா மூஞ்சி அடியில, தோல்மேல படுற மாதிரி. புலி மேல இருந்துச்சு. சந்தனம் பிதுங்கி ஓரமெல்லாம் மூடிக்கிருச்சு. நல்லா ஒட்டுற வரைக்கும் பெருவெரலால அழுத்திக்கிட்டே இருந்தேன்.

முதலாளி அந்தப் பக்கமா நின்னாரு. சந்தனத்துக்கு நடுவுல ஏதோ மிருகம் தெரியுது அவருக்கு. சிங்கக் காசு, நான் குடுத்த காசுன்னு சொல்லிக் கேவிக் கேவி அழுதாரு. அவரு அழுது அன்னைக்குத்தான் பாத்தேன். திருவேங்கடம் ஒடனே அதப் பிடிச்சுக்கிட்டு, கூட்டத்தப் பாத்து, ராசா தலைய நெத்திக்குக்கூட அண்டவிடாம சுதந்திரக் காசோட போறாரு பாருங்கன்னு பேசுனாரு. சனம் வந்தே மாதரம்னுச்சு. அந்தச் சத்தத்தோடதான் தூக்குனாக. சுடுகாட்டுல நெத்திக்காசு வெட்டியானுக்கு. அவரு எடுத்து மடியில போட்டிருப்பாரு, அவருக்கு எந்தக் காசாயிருந்தா என்ன. நான் வீட்டுலதான இருந்தேன்.

அன்னைக்குச் சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா எனக்குக் கஞ்சி கொண்டாந்து குடுத்தா. குடிச்சேன். குடிச்சு முடிச்சப்பறம்தான் பாத்தேன், கை கழுவல. பெருவெரல்ல சந்தனம் காஞ்சு கெடந்துச்சு.

என்ன தம்பி, பேனாவ மூடிட்டீக.

இதுக்கு முன்னாடி இத யாருகிட்டயும் சொன்னதில்ல. யாரும் கேட்டதும் இல்ல. எல்லாரும் அவுகளே சொல்லிட்டு என்னயத் தலையாட்டச் சொல்லுவாக. நீங்க கேட்டுட்டுச் சும்மா உக்காந்திருந்தீக, அதான் வந்துருச்சு. மலருல நீங்க சிங்கம்னே எழுதிக்கோங்க. முதலாளி மகன் பணம் குடுக்குறாரு, அவுக அப்பா அழுததப் போடாம விட்டா நல்லா இருக்காது. அவுகளுக்கும் அது பெருமைதான. நான் யாருகிட்டயும் மாத்திச் சொல்ல மாட்டேன். எனக்கு யாரு மேலயும் வருத்தம் இல்ல தம்பி. நெஞ்சத் தொட்டுச் சொல்லுறேன், எனக்கு ஒன்னுமே இல்ல.

என்ன? மறுபடியும் கேளுங்க, காது மந்தம்.

இன்னொரு முடிச்சு இடுப்புலதான இருந்துச்சு, அதயாச்சும் அவுத்து வச்சிருக்கலாமேன்னு கேக்குறீகளா.

வச்சிருக்கலாம்.

தோணல.

இருங்க, எந்திரிக்காதீக. கண்காட்சிக்கு அவுக நெனைவா எதாச்சும் குடுங்கன்னு காகிதத்துல போட்டு அனுப்பியிருந்தீகள்ல. ராட்டைய இப்படித் தள்ளி வச்சிட்டு வர்றேன். அந்த அஞ்சறைப்பெட்டி எங்க போயிரப் போகுது, மாடத்துலதான் இருக்கு. இந்தாங்க. பவளத்துக்கு வச்ச அதே துணிதான், மஞ்சக்கறை பாருங்க, போகல. உள்ள இருக்குறது சிங்க ரூபா. இருவத்திரெண்டு வருசமா யாரும் தொடல, அவுக்கவும் இல்ல. கண்ணாடிப் பெட்டியில வச்சு என்ன வேணும்னாலும் எழுதிப் போடுங்க.

அவுக்க வேண்டாம் தம்பி. துணியோடயே எடுத்துக்கிட்டுப் போங்க. கை படாதுல்ல.